பேய் நாட்டுக்கும் ஒரு பிளான் உண்டு!



சிவில்காரருக்கு வீட்டு பிளான். மெக்கானிக்கல்காரருக்கு மெஷின் டிராயிங். நான் இங்கே போட்டுக் காட்டப் போவது பேய் நாட்டு பிளான். சிரிக்காதீர்கள், இதுவும் பாடம்தான்!

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். 1974-ல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதையாட்டம் வந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். நாட்டையும் அதன் ஆபத்துகளையும் படைத்துத் தருவது கதை நடத்துபவர் வேலை. 1983-ல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் இதற்காக 'ரேவன்லாஃப்ட்' என்ற பேய்க்கோட்டைக் கதையை எழுதினார்கள். 1990-ல் அது பல இருண்ட நாடுகள் கொண்ட தனி உலகமாகவே விரிந்தது. அதில் முதல் அதிபதி ஸ்ட்ராட். தம்பிக்கு நிச்சயித்த பெண்மேல் ஆசைப்பட்டு, தம்பியையே கொன்றவன். ரத்தம் குடித்துச் சாகாமல் இருக்கிறான். ஆனால் தன் நாட்டு எல்லையைத் தாண்ட அவனால் முடியாது. ராஜாவும் அவனே, கைதியும் அவனே!

சரி, இந்த மாதிரி நாட்டைத் தேடி ஐரோப்பாவுக்குத்தான் போகணுமா? நம்ம பக்கத்திலேயே சரக்கு கொட்டிக் கிடக்கிறது. நாலு பாடமாகப் பார்ப்போம்.

பாடம் 1: அதிபதிக்கு ஒரு காரணம் வேண்டும்

அரக்கோணம் தாண்டினால் திருவாலங்காடு. அதன் பக்கத்தில் பழையனூர். அங்கேதான் நீலி. முற்பிறவியில் கணவனால் கொலையுண்ட பெண் அவள் என்கிறது கதை. மறுபிறவியில் அவன் வணிகனாக வர, இவள் பேயாகத் தொடர்கிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன்" என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். அவன் உயிருக்கு 70 வேளாளர்கள் தங்கள் உயிரையே பிணையாக வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். 'நீலிக் கண்ணீர்' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, பின்னால் இருப்பது இதுதான். கோரைப்பல்லை மட்டும் வரைந்தால் பயம் வராது. அவளுக்கு நடந்த அநியாயத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பயம் வரும்.

பாடம் 2: நாட்டுக்கு ஒரு பசி வேண்டும்

சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைத் தமிழ் வகுப்பில் போர்ப் பாட்டு என்று மட்டும் படித்தோம். அதன் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வறண்ட பாலைக் காடு, அதன் நடுவே காளி கோயில், பிறகு தேவி, அதன்பின் அவளைச் சூழ்ந்த பேய்ப் படை. அச்சு அசலாகக் கதையாட்டத்துக்கான பிளான்! குடிமக்களான பேய்கள் தேவியிடம் 'சோறில்லை' என்று முறையிடுகின்றன. அந்தப் பசியைத் தீர்ப்பது முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போர். படை அனுப்பச் சொல்லி அவன் உத்தரவிட்டது நம்ம காஞ்சியில் இருந்துதான் என்கிறது பரணி. கருணாகரத் தொண்டைமான் ஜெயிக்கிறான். பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைத்துச் சாப்பிடுகின்றன. மனிதர் வெற்றி, பேய்க்கு விருந்து. உங்கள் நாட்டில் யாருக்கு என்ன பசி என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் கதை தானாக ஓடும்.

பாடம் 3: தளங்களுக்கு ஒரு கணக்கு வேண்டும்

சமண நூல்களில் நரகம் ஏழு, ஒன்றின்கீழ் ஒன்றாக. ரத்தினம், பரல், மணல், சேறு, புகை, இருள், பேரிருள் என்று பெயரே இறங்கிக்கொண்டு போகிறது. மேலே வெப்பம் கொல்லும். அடியில் குளிர் கொல்லும். அங்கே தண்டனை தர ராஜா தேவையில்லை; நரகர்கள் ஒருவரையொருவர் வதைத்துக்கொள்வார்கள். மேல் மூன்று தளங்களில் மட்டும் அசுரர் வந்து தூண்டிவிடுவார்கள். அதிபதியே இல்லாத நாடு அதிபதி உள்ளதைவிடக் கொடியது. யோசித்துப் பாருங்கள்!

பாடம் 4: வெளியே வர ஒரு வழி வேண்டும்

எனக்குப் பிடித்த பாடம் இதுதான். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில் அதே பழையனூர் நீலி வேறு விதமாக வருகிறாள். சுடுகாட்டுக் காளி கோயிலில் உயிர்ப்பலி வேண்டாம், மண்ணில் செய்த உருவத்தை வையுங்கள் என்கிறார் முனிச்சந்திரர். அவரை விரட்ட நீலி வருகிறாள். உருமாறி மிரட்டுகிறாள், அழகியாக வந்து மயக்கப் பார்க்கிறாள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவரிடமே பாடம் கேட்டு, கொல்லாமைக்காக ஊர் ஊராக வாதம் செய்கிறாள்! கத்தியால் முடியாததைப் பொறுமை முடித்தது. ஆகவே உங்கள் ஆட்டத்திலும் வாளோடு சேர்த்து வாதத்துக்கும் ஒரு பகடை வையுங்கள்.

இந்த நீலகேசிக்கு 'சமய திவாகரம்' என்ற உரை எழுதிய வாமன முனிவர், வேகவதிக்கு அந்தாண்டை இருக்கிற நம்ம திருப்பருத்திக்குன்றத்தோடு தொடர்புடையவர். அவர் சீடர் புட்பசேனர் சொல்லித்தான் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் அங்கே சங்கீத மண்டபம் கட்டினார். அந்த விதானத்து ஓவியங்களை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கதையைக் கட்டம் கட்டமாக எப்படிப் பிரிப்பது என்று அதைவிட நன்றாக யாரும் சொல்லித் தர முடியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஸ்ட்ராட் வெறும் கற்பனை, காளி அப்படியல்ல. நம்ம வீட்டு அம்மாக்கள் கும்பிடுகிற தெய்வம் அவள். அந்தச் சமண ஆலயமும் இன்றும் வழிபாடு நடக்கிற இடம். ஆகவே பிளானை எடுங்கள், பெயரை மாற்றுங்கள். மேசையில் உட்காரும் எவர் மனமும் நோகக்கூடாது. பயமுறுத்துவது எளிது நண்பர்களே. பயந்தவரைச் சிரித்த முகத்தோடு எழுந்து போகச் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

நாலு நண்பர்கள், ஒரு டிராயிங் ஷீட், ஒரு பகடை. செமஸ்டர் லீவில் ஆரம்பியுங்கள்!