படகு இன்ஜினுக்கு டர்போ: யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது தாஹோ ஏரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,897 மீட்டர் உயரம். கடலோரத்தில் சீறிக்கொண்டு ஓடிய படகை அங்கே இறக்கினால் முதல் நாளே இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். 260 எச்.பி. பெட்ரோல் இன்ஜின் அங்கே சுமார் 210 எச்.பி.க்கு இறங்கிவிடும். நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்குமே தவிர, படகு தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கி ஓடாது. புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தும் டர்போவை வைத்தால் என்ன என்ற யோசனை பலருக்கும் வருவது இந்த இடத்தில்தான்.

ஒரே யோசனை கடலோரப் படகுக்காரருக்கும் வருகிறது, தாஹோக்காரருக்கும் வருகிறது. ஆனால் இருவருக்கும் பதில் ஒன்றல்ல. மலைமேல் இருப்பவர் இழந்த காற்றைத் திரும்பக் கேட்கிறார். கடலோரத்தில் இருப்பவர் இன்ஜினை வடிவமைத்தவர் தராத சக்தியைக் கேட்கிறார். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் இதிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் கடலோரக்காரரின் கணக்கைப் பார்ப்போம். நீர்மேல் வழுக்கி ஓடும் படகில் வேகம் ஏறுவது, தோராயமாகச் சொன்னால், சக்தியின் வர்க்கமூல அளவில்தான். சக்தியை 30 சதவீதம் கூட்டினால் வேகம் சுமார் 14 சதவீதம் கூடும். மணிக்கு 72 கி.மீ. போன படகு 82 கி.மீ. போகும். நீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாகச் செல்லும் கனமான படகு என்றால் அதுவும் கிடையாது. அதன் வேகத்துக்கு எல்லை போடுவது உடலின் நீளம். மிஞ்சுகிற சக்தி அலை கிளப்பத்தான் செலவாகும். பத்து கி.மீ. கூடுதல் வேகத்துக்காக இன்ஜினை எவ்வளவு வதைக்கலாம் என்று யோசித்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுக்க வேண்டும்.

வதை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். காரில் டர்போ சுகமாக ஓடுகிறதே என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் சீராகப் போகும் கார் தன் இன்ஜின் சக்தியில் சிறு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. படகு இன்ஜின் பாரம் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை வளைவுகளில் நிற்காமல் ஏறும் லாரியைப் போல உழைக்கிறது. த்ராட்டிலைத் தளர்த்தினால் படகு உடனே நீரில் அமுங்கும். இளைப்பாற இறக்கமே கிடையாது. முழு பாரத்தில் பெட்ரோல் இன்ஜினின் புகை 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தப் புகையில் சுழல்வதுதான் டர்போவின் டர்பைன்.

கார் இன்ஜினைச் சுற்றி வெளிக்காற்று ஓடும். படகில் அது மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் அந்தப் பெட்டியின் அடியில்தான் போய்த் தங்கும். அமெரிக்க பெட்ரோல் படகுகளில் ஸ்டார்ட் செய்யும் முன் நான்கு நிமிடம் ப்ளோயரை ஓட்டச் சொல்லி எச்சரிக்கைப் பலகை இருப்பதும், கார்புரேட்டர் வாயில் தீத்தடுப்பு வலை கட்டாயம் என்பதும் இதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில், பழைய காரிலிருந்து கழற்றிய டர்போவைச் செக்கச்செவேலென்று பழுக்கவிடுவது உயிரோடு விளையாடுவது. சுற்றிலும் தண்ணீர் ஓடும் உறையுள்ள, படகுக்கென்றே செய்த டர்போ மட்டும்தான் அங்கே நுழையலாம். கார்புரேட்டர் இன்ஜின் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. டர்போ அழுத்திய காற்றைக் கார்புரேட்டருக்குள் செலுத்தும் அமைப்பில் ஒரு கேஸ்கட் கசிந்தாலும் பெட்ரோல் கலந்த காற்று இன்ஜின் அறைக்குள் பீய்ச்சும். பழைய கார்புரேட்டர் இன்ஜினுக்கு டர்போ கேட்பவரிடம் நான் நேராகவே வேண்டாம் என்பேன்.

இதையெல்லாம் மீறி இறங்குபவர் இன்ஜின் மூடியைத் திறந்து இரண்டு உயரங்களை அளக்கட்டும். முதலாவது, டர்போவிலிருந்து ஆயில் வடியும் குழாய். ஆயில் தன் எடையால்தான் கீழிறங்கும். அதனால் டர்போ ஆயில் தொட்டியின் மட்டத்தைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். தாழ்வான படகுகளில் இடமில்லாமல் கீழே தள்ளிப் பொருத்துவார்கள். அப்போது வடியாத ஆயில் சீலைத் தாண்டிப் புகையில் எரியும். தனியாக ஓர் உறிஞ்சும் பம்பு வைத்தால்தான் தீரும். இரண்டாவது, புகைக்குழாயில் குளிர்நீர் கலக்கும் இடம். அது டர்பைனைத் தாண்டியபின், நீர்மட்டத்துக்கு ஓர் அடிக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாலிருந்து அலை அடிக்கும்போது தண்ணீர் திரும்பி வந்து டர்பைனையும் பிறகு சிலிண்டரையும் நனைக்கும். உப்புத் தண்ணீரானால் டர்போ துருப்பிடித்து இறுகிப்போக ஒரு பருவம் சும்மா நின்றாலே போதும்.

அப்படியானால் கடலோரக்காரருக்கு என்ன வழி? இன்ஜினின் கன அளவைக் கூட்டுவதுதான் என் தேர்வு. அமெரிக்க இன்போர்டு படகுகளில் நிறையப் பார்க்கக் கிடைப்பது செவ்ரோலே நிறுவனத்தின் 5.7 லிட்டர் வி8. அதே பிளாக்கில் பிஸ்டனின் ஓட்டத்தை 3.48 அங்குலத்திலிருந்து 3.75 அங்குலமாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டைப் போட்டால் 6.2 லிட்டராகிவிடும். மெர்குரூசர் நிறுவனமே அப்படியொரு இன்ஜினை 320 எச்.பி.க்கு விற்றது. பழைய மவுண்டிங்கிலேயே உட்காரும், பழைய புகைக்குழாயே பொருந்தும், புதிதாகச் சூடாகும் பாகம் ஒன்றுகூடச் சேராது. 7.4 லிட்டர் பெரிய பிளாக்குக்கு மாறலாம், ஆனால் பின்பக்க எடை கூடும், செலவும் எகிறும்.

காற்றை அழுத்தும் இன்னொரு கருவியான சூப்பர்சார்ஜர், டர்போவுக்கும் கன அளவைக் கூட்டுவதற்கும் நடுவே நிற்கிறது. பெல்ட்டில் சுழல்வதால் இன்ஜின் சக்தியில் கொஞ்சத்தைத் தின்னும். ஆனால் புகைப் பக்கத்தைத் தொடவே தொடாது. படகில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும். பெட்ரோல் இன்ஜினில் அழுத்தம் ஏற்றித்தான் தீர வேண்டுமென்றால் டர்போவுக்கு முன் இதைத்தான் பார்ப்பேன்.

தாஹோக்காரர் முதலில் மாற்ற வேண்டியது புரொப்பல்லரை. பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தூரம், ஓர் அங்குலம் குறைந்தால் சுழற்சி 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை கூடும். இரண்டு அங்குலம் குறைத்தாலே படகு எழும்பத் தொடங்கும். உச்ச வேகம் திரும்பாது, ஆனால் பலருக்கு அதுவே போதும். போதாதவருக்குத்தான் டர்போ நியாயமாகிறது. அங்கே சுமார் 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் கொடுத்தால் கடல் மட்டத்துக் காற்று திரும்பக் கிடைத்துவிடும். பிளாக்கும் கியர்பாக்ஸும் எந்த 260 எச்.பி.க்காகச் செய்யப்பட்டனவோ அதைத் தாண்டுவதில்லை. அழுத்தியதால் ஏறும் சுமார் 30 டிகிரி சூட்டை இன்டர்கூலர் வழியாக அந்தக் குளிர்ந்த நன்னீர் ஏரியே எடுத்துக்கொள்ளும். படகை டிரெய்லரில் ஏற்றிக் கடலுக்கும் கொண்டுபோகிறவர் என்றால் மின்னணுக் கட்டுப்பாடுள்ள டர்போவையே கேட்க வேண்டும். உயரம் குறையும்போது அது அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெல்ட்டில் சுழலும் சூப்பர்சார்ஜருக்கு அது தெரியாது. இரண்டாம் உலகப்போரில் பி-17 விமானங்கள் டர்போவோடு பறந்ததும் உயரத்தில் இழந்த காற்றை ஈடுகட்டத்தான்.

டீசல் இன்ஜினுக்கும் டர்போவுக்கும் எப்போதும் ஒத்துப்போகும். டீசலின் புகைச் சூடு பெட்ரோலைவிடக் குறைவு, எரிபொருள் கலவை சிலிண்டருக்குள் தானாகவே வெடிக்கும் நாக்கிங் தொல்லையும் இல்லை. ஆனாலும் டர்போ இல்லாத டீசலில் ஒன்றை வாங்கி மாட்டாதீர்கள். பெர்கின்ஸ் நிறுவனம் 6.354 என்றும் டி6.354 என்றும் இரண்டு இன்ஜின்களைத் தனித்தனியாக விற்றதற்குக் காரணம் இருக்கிறது. டர்போ இன்ஜின் என்றால் பிஸ்டனும் எரிபொருள் அளவும் குளிர்விக்கும் முறையும் அதற்கேற்ப அமைய வேண்டும். கம்பெனியிலேயே டர்போவோடு வந்ததை வாங்குவதுதான் முறை. பெட்ரோலிலும் அப்படித்தான். மெர்குரி ரேசிங் 2010இல் இரட்டை டர்போவோடு 1350 எச்.பி. இன்ஜினைக் கொண்டுவந்தபோது, பழைய பிளாக்கில் ஒட்டாமல் 9 லிட்டர் இன்ஜினைப் புதிதாகவே வடிவமைத்தது.

இன்ஜினின் வயதையும் பாருங்கள். அமெரிக்காவில் 2010 மாடலிலிருந்து இன்போர்டு பெட்ரோல் இன்ஜின்கள் கடுமையான புகை விதிக்கு உட்பட்டவை. பெரும்பாலானவற்றில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் இருக்கும். அவற்றில் அனுமதியில்லாத டர்போவைச் செருகுவது சட்டப்படியே தவறு.

டர்போ வைப்பதென்றே முடிவானால், புகையின் சூட்டைக் காட்டும் மீட்டரையும் சேர்த்தே வாங்குங்கள். படகுத்துறையில் எந்த ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு அழுத்தத்தை முடிவு செய்யுங்கள். வேகமாக ஓட்டிவிட்டு வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காமல், சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஆயில் டர்போவைக் குளிர்வித்த பிறகு நிறுத்துங்கள்.