சுண்ணாம்புப் பாசிக்குப் பெயர் என்ன?

போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகாத மலேசிய மாணவர்கள் குறைவு. ஆனால் நீர் வற்றிய நேரத்தில் அங்குள்ள பாறைகளைக் குனிந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. யாரோ ரோஜா நிறச் சாயத்தைக் கொட்டிவிட்டுப் போனது போலத் திட்டுத் திட்டாக ஒன்று ஒட்டிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. உளியும் சுத்தியலும் வேண்டும். கல் போல இருக்கும் அது உயிருள்ள சிவப்புப் பாசி. தன் உயிரணுச் சுவர்களில் கால்சியம் கார்பனேட்டைப் படியவைத்துக் கொள்வதால் இதைச் சுண்ணாம்புப் பாசி என்றே இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கோரலைனா என்ற பேரினத்தை 1758-இல் லின்னேயஸ் விலங்குகளோடு சேர்த்துவிட்டார். பாறையில் படரும் வகைகளும் தாவரங்களே என்பதை 1837-இல் பிலிப்பி என்ற ஜெர்மானிய அறிஞர் எடுத்துக்காட்டினார். லித்தோஃபில்லம், அதாவது கல்லிலை, என்ற பேரினத்துக்குப் பெயரிட்டவரும் அவரே.

2016-இல் இறுதியாண்டு ஆய்வுக்காக, உரிய அனுமதியோடு, பத்தடி தூரத்தில் இருந்த இரண்டு திட்டுகளிலிருந்து துண்டுகள் எடுத்து வந்தேன். அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியில் வைத்தேன். இனப்பெருக்கக் குழியின் கூரையில் எத்தனை அடுக்கு உயிரணுக்கள் என்று எண்ணியே கண் வலித்தது. இரண்டும் ஒன்று போலவே தெரிந்தன. ஒரே இனம் என்று எழுதி, அந்த அத்தியாயத்தையும் முடித்துவிட்டேன்.

பிறகுதான் டி.என்.ஏ. சோதனை. அதே துண்டுகளில் சிறிது பொடித்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, பசுங்கணிகத்தில் உள்ள பி.எஸ்.பி.ஏ. என்ற மரபணுவைப் பெருக்கிப் படித்தோம். (முதல் முறை தோல்வி. இந்தப் பாசியின் மேல் வேறு பாசிகள் ஒட்டி வாழும். நான் படித்தது அந்த விருந்தாளியின் மரபணு!) இரண்டாம் முறை வந்த எழுத்து வரிசைகளை அருகருகே வைத்தபோது வயிற்றைக் கலக்கியது. ஒரே இனத்துக்குள் இருக்கக்கூடிய வேறுபாட்டைவிடப் பல மடங்கு வேறுபாடு. இரண்டும் வெவ்வேறு இனங்கள்.

சரி, பெயரையாவது கண்டுபிடிப்போம் என்று அனைத்துலக மரபணுத் தரவுத்தளத்தில் தேடினேன். ஒன்றுக்கு நெருங்கிய பொருத்தம் கிடைத்தது. அங்கிருந்த பெயரை அப்படியே எழுதி, மேற்பார்வையாளரிடம் ஓடினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: “ஏம்மா, இந்தப் பெயரை அங்கே போட்டவர் எப்படி முடிவு பண்ணினார்?”

என்னிடம் பதில் இல்லை. அவரும் என்னைப் போலவே நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு செய்திருப்பார். நான் தவறினேன் என்றால் அவரும் தவறியிருக்கலாமே! டி.என்.ஏ. “இவை இரண்டும் ஒன்று, இவை வேறு” என்று பிரித்துக் காட்டும், பெயரைச் சொல்லாது. ஒரு பெயருக்கு உரிமையுள்ளது, அந்த இனத்துக்கு முதலில் பெயரிட்டவர் பயன்படுத்திய மூலமாதிரி மட்டுமே. அதோடு ஒப்பிட்டால்தான் பெயர் உறுதியாகும்.

இது வீண் பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்தேன், 2015-இல் வெளியான ஓர் ஆய்வைப் படிக்கும்வரை. வடகிழக்கு அட்லாண்டிக் கரைகளில், நீர் ஏறி இறங்கும் பாறைகளில் பரவலாகக் காணப்படும் படர்பாசியை லித்தோஃபில்லம் இன்க்ரஸ்டன்ஸ் என்று நூல்கள் சொல்லிவந்தன. ஆய்வாளர்கள் இப்பெயர்களுக்குரிய பழைய மூலமாதிரிகளிலிருந்தே டி.என்.ஏ. எடுத்தார்கள். பழைய மாதிரிகளில் டி.என்.ஏ. சிதைந்து துணுக்குகளாகிவிடும், சில நூறு எழுத்துகள் கிடைத்தாலே பெரிது. அது போதுமாக இருந்தது. உண்மையான இன்க்ரஸ்டன்ஸ் பெரும்பாலும் நீருக்கடியில், படர்ந்தும் உருண்டைக் கட்டிகளாகவும் வாழ்வது. அயர்லாந்து முதல் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரை வரை கரையோரப் பாறைகளில் பரவியிருந்ததோ, ஃபொஸ்லி என்ற நார்வே அறிஞர் 1906-இல் பெயரிட்ட லித்தோஃபில்லம் ஹிபெர்னிகம்.

பெயர் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று வீட்டில் அண்ணன் கேட்டார். பவளங்களுக்கு முழுகிவிடும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், பவளக் குஞ்சுகள் சுண்ணாம்புப் பாசிகள் எல்லாவற்றிலும் ஒரே அளவில் குடியேறவில்லை. டைட்டனோடெர்மா புரோட்டோடைப்பம் என்ற இனத்தையே மிகவும் விரும்பின. அதில் அமர்ந்தவையே கூடுதலாக உயிர் பிழைத்தன. தவறான பாசியை வைத்துக்கொண்டு பவளத்திட்டை மீட்கப் புறப்பட்டால், குஞ்சுகள் வந்து அமருமா?

ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். என் துண்டுகள் இன்றும் ஆய்வகத்தில் இரண்டு காகித உறைகளில் இருக்கின்றன. ஒன்றின் மேல் “லித்தோஃபில்லம், இனம் 1” என்றும் மற்றதன் மேல் “லித்தோஃபில்லம், இனம் 2” என்றும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். பென்சிலால் எழுதச் சொன்னவரும் என் மேற்பார்வையாளர்தான்.