பதரும் மணியும்
(அறிவியல் படங்களில் பின்னணியை நீக்கும் முறை)



முறத்தில் நெல்லை இட்டுப் புடைக்கும்போது பதர் பறந்து போகிறது; மணி தங்கிவிடுகிறது. கை மெல்ல அசைந்தால் பதர் போகாது. மிக வேகமாக வீசினால் பதரோடு மணியும் மண்ணில் சிந்திவிடும். அறிவியலார் எடுக்கும் படங்களிலும் இத்தகைய புடைத்தல் ஒன்று உண்டு. அதற்குப் பின்னணி நீக்கம் என்று பெயர். அது யாது, கணிப்பொறி மென்பொருள் அதை எவ்வாறு செய்கிறது, அதில் காக்க வேண்டிய நேர்மை யாது என்பவற்றைக் காண்போம்.

பின்னணி என்றால் என்ன?

காசநோயைக் கண்டறியும் முறைகளுள் ஒன்று, சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஆரமின் என்னும் சாயம் ஏற்றி, ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்ப்பதாகும். கிருமிகள் இருண்ட வானத்து விண்மீன்களைப் போல ஒளிரும். ஆனால் அந்த வானம் முழுவதும் இருண்டிருப்பதில்லை. சளியிலுள்ள பிற பொருள்கள் மங்கலாக ஒளிரும். கழுவியும் போகாத சாயம் ஒளிரும். விளக்கொளி ஒரு பக்கம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் விழும். காமிராவும் தன் பங்குக்குச் சிறிது சேர்க்கும். நாம் தேடும் பொருளிலிருந்து வராமல், படத்தில் வந்து கலந்த இவை அனைத்தும் பின்னணி ஆகும்.

மங்கிய கிருமிகளைப் பின்னணி என்று தள்ளிவிட்டால் ஒரு நோயாளி மருந்தின்றி வீடு திரும்புவார். பின்னணியைக் கிருமி என்று கொண்டால் நோயற்ற ஒருவர் பல மாதங்கள் மருந்து உண்ண நேரும். ஆகவே இது படத்தை அழகுபடுத்தும் வேலை அன்று.

படம் என்பது எண்களே

கணிப்பொறிக்குப் படம் என்பது எண்கள் நிரம்பிய கட்டங்களே. ஒவ்வொரு சிறு கட்டமும் ஒரு பிக்சல். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் 0 என்பது முழுக் கருமை. 255 என்பது முழு வெண்மை. ஒரு படத்தின் ஒரே ஒரு வரிசை பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்:

40, 42, 44, 96, 98, 50, 52, 54, 106, 58, 60

பின்னணி இடமிருந்து வலமாக 40 முதல் 60 வரை இரண்டிரண்டாக ஏறுகிறது. 4, 5ஆம் இடங்களில் ஒரு கிருமியும், 9ஆம் இடத்தில் மற்றொரு கிருமியும் உள்ளன. பார்வைக்கு இரண்டாவது கிருமி கூடுதலாக ஒளிர்கிறது. ஆனால் அந்தந்த இடத்துப் பின்னணியாகிய 46, 48, 56 ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். மூன்று இடங்களிலும் 50 என்றே விடை வரும். இரண்டும் சம ஒளி உடையவை என்னும் உண்மை கழித்த பிறகே வெளிப்படுகிறது.

"ஓர் எல்லை வகுத்து, அதற்குக் கீழுள்ளதை எல்லாம் அழித்துவிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். 2ஆம் இடத்தில் 12 அலகு மட்டுமே ஒளிரும் ஒரு மங்கிய கிருமி இருந்தால் அங்குள்ள எண் 54 ஆகும். எல்லை 55 என்று வைத்தால் அக்கிருமி மறைந்துவிடும். வலது ஓரத்தில் வெறுமையாக உள்ள 58, 60 இரண்டும் கிருமிகள் என்று நின்றுவிடும்! எனவே ஒரே எல்லை போதாது. ஒவ்வோர் இடத்திற்கும் உரிய பின்னணியை அறிய வேண்டும்.

உருளும் பந்து

அதை அறியும் வழிகளுள் புகழ்பெற்றது உருளும் பந்து முறை. ஸ்டான்லி ஸ்டெர்ன்பெர்க் என்பவர் இதை 1983ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார்.

படத்தில் வெளிச்சம் மேடு, இருள் பள்ளம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வெங்காயத் தோலுக்குச் சாயமிட்டுப் பார்க்கும்போது, வெளிச்சமான தரையில் உட்கருக்கள் கருமையாகத் தெரியும் அல்லவா? அவை சமவெளியில் உள்ள சிறு குழிகள். சாலையில் குழி இருந்தால் சைக்கிள் சக்கரம் அதில் இறங்கும். சாலை போடும் பெரிய உருளையோ இறங்காமல் கடந்து செல்லும். ஆனால் சாலையின் நீண்ட ஏற்ற இறக்கங்களை அதுவும் பின்பற்றும். அவ்வாறே படத்தின்மேல் ஒரு பெரிய பந்தை உருட்டினால், அது தொட்டுச் செல்லும் பரப்பே பின்னணி. அதற்கும் படத்திற்கும் உள்ள வேறுபாடே நாம் தேடும் பொருள். இருண்ட தரையில் ஒளிரும் கிருமிகளுக்குப் பந்தை அடியிலிருந்து உருட்ட வேண்டும். கிருமிகள் குறுகிய கூம்புகள் ஆதலால் பந்து அவற்றுள் ஏறாது.

இம்முறை இமேஜ் ஜே என்னும் மென்பொருளில் ஒரு கட்டளையாகவே உள்ளது. அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் என்பவர் உருவாக்கிய இது 1997 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக் கிடைக்கிறது. பந்தின் ஆரம் 50 பிக்சல் என்று மென்பொருள் தானே வைத்திருக்கும். ஆனால் அதை அப்படியே ஏற்கலாகாது. படத்தில் உள்ள மிகப் பெரிய பொருளின் ஆரத்தைவிடப் பந்தின் ஆரம் குறையக் கூடாது. குறைந்தால் பந்து பொருளுக்குள்ளேயே நுழைந்து, அதன் நடுப்பகுதியைப் பின்னணி என்று கழித்துவிடும். முழு வட்டமாக இருந்த செல் வளையல் போல ஆகிவிடும். மிகப் பெரிய பந்தோ பின்னணியின் வளைவுகளைத் தொடராது. அளவை அறிந்து சொல்ல வேண்டியவர் மனிதரே.

கழிப்பதா, வகுப்பதா?

வெளியிலிருந்து வந்து கூடிய ஒளியைக் கழிக்க வேண்டும். விளக்கொளி சமமாக விழாததால் வந்த குறையையோ வகுத்தே தீர்க்க வேண்டும். விளக்கு நடுவில் 200 அலகும் மூலையில் 100 அலகும் தருவதாகக் கொள்வோம். பாதி ஒளியை மட்டும் விடும் இரு ஒத்த பொருள்கள் அங்கே இருந்தால் படத்தில் 100, 50 என்று பதியும். கழித்தால் 100, 50 என்னும் இரு வேறு விடைகள் வரும். வகுத்தால் இரண்டிலும் அரை என்றே வரும். இதற்காகவே வானியலார் காமிராவை மூடி வைத்து ஒரு படமும், சீரான ஒளி பரவிய திரையைப் பார்த்து ஒரு படமும் எடுக்கின்றனர். முதலாவதைக் கழிக்கவும் இரண்டாவதால் வகுக்கவும் செய்கின்றனர்.

பின்னணியே கண்டுபிடிப்பாதல்

வானியல் தரும் பாடம் இன்னொன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டில் நியூ ஜெர்சியின் ஹோம்டெல் என்னும் இடத்தில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும் வானொலி அலைகளை அளந்தபோது, எத்திசையிலிருந்தும் ஒரு மெல்லிய இரைச்சல் வந்தது. கொம்பு வடிவக் கருவிக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றினர்; எச்சத்தைக் கழுவினர். இரைச்சல் போகவில்லை. பேரண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து வரும் எச்ச ஒளியே அது என்று பின்னர் தெளிவாயிற்று. 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் அந்த இரைச்சலைக் காரணம் தேடாமல் கழித்திருந்தால்? ஆகவே நீக்குமுன் "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்க வேண்டும்.

பின்னணியே சாட்சி

ஒரு படத்தின் பின்னணியில் உள்ள நுண்ணிய புள்ளிகள் கைரேகை போன்றவை. உண்மைப் படத்தில் ஓரிடத்துப் புள்ளிகள் மற்றோர் இடத்தில் அப்படியே வருவதில்லை. வேண்டாத ஒன்றை மறைக்கப் பின்னணியின் ஒரு துண்டை எடுத்து ஒட்டினால், அந்தப் புள்ளிகளே காட்டிக் கொடுத்துவிடும். எலிசபெத் பிக் என்னும் நெதர்லாந்து நாட்டு நுண்ணுயிரியல் அறிஞர் 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே ஆராய்ந்தார். அவரும் அவருடைய துணையாய்வாளர் இருவரும் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, 3.8 சதவீதக் கட்டுரைகளில் முறையற்று இருமுறை பயன்படுத்தப்பட்ட படங்கள் இருந்தன. அவற்றுள் பாதிக்குக் குறையாதவற்றில், வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறிகள் தென்பட்டன.

எனவே பின்னணியை நீக்குவோர் நான்கு விதிகளைக் கைக்கொள்ளுதல் நலம்.

1. மூலப் படத்தை மாற்றாமல் பாதுகாக்க வேண்டும்.
2. ஒரே விதியைப் படம் முழுவதற்கும் பயன்படுத்த வேண்டும். பிடிக்காத மூலையை மட்டும் துடைக்கக் கூடாது.
3. ஒப்பிடும் படங்கள் அனைத்திற்கும் ஒரே பந்து அளவு வேண்டும்.
4. செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும்.

பயிற்சி: 30, 33, 66, 39, 42, 75, 48 என்னும் வரிசையில் பின்னணியைக் கண்டு கழியுங்கள். ஒளிரும் இரு பொருள்களும் சமமா எனக் கூறுங்கள்.

மாணவியரே! கழித்தல் நாம் சிறு வகுப்பிலேயே கற்ற கணக்கு. எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கலாகாது என்று அறிவதோ வாழ்நாள் கல்வி. நாளை உங்களுள் சிலர் ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றுவீர்கள். அன்று விசையை அழுத்தும் விரல் உங்களுடையது. படத்தின் மறுபுறம் ஒரு நோயாளி காத்திருப்பார். பதரை நீக்குங்கள்; மணி ஒன்றும் சிந்தாமல் காத்திடுங்கள்.