மறதி என்னும் முறையீடு: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயும் மூளை மாற்றங்களும்

முப்பத்திரண்டு வயதுடைய பள்ளி ஆசிரியை ஒருவர் உளர் எனக் கொள்க. ஒருமுறை அவருடைய கண்பார்வை மங்கிப் பின்னர்த் தெளிந்தது. மற்றொருமுறை கால் மரத்துப் பின்னர்ச் சரியாயிற்று. நரம்பு மருத்துவர் அதனை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் எனக் கண்டறிந்து சிகிச்சை அளித்து வருகிறார். இப்போது நடையில் குறையில்லை. ஆயினும், வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது மாணவன் எவனேனும் குறுக்கிட்டால், விட்ட இடம் அவருக்குப் புலப்படுவதில்லை. மதிப்பெண்களைக் கூட்ட முன்னைவிட இருமடங்கு நேரமாகிறது. தமக்கு மறதி வந்துவிட்டதென்று அவர் முறையிடுகிறார். வீட்டார் அதனைச் சோர்வு என்கின்றனர். தலைமையாசிரியரோ கவனக்குறைவு என்கிறார். எவர் கூற்று சரி?

இந்நோயை 1868ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் விளக்கமாக ஆராய்ந்த ஷார்க்கோ என்னும் மருத்துவர், நோயாளிகளின் நினைவு தளர்வதையும் சிந்தனை மெதுவாவதையும் அப்போதே கவனித்திருந்தார். எனினும் அதற்குப் பின்னர் நெடுங்காலம் மருத்துவர்களின் கருத்து கை கால்களின் மீதே நின்றது. நடக்க முடிகிறவருக்குக் குறை இராது என்னும் எண்ணம் அதனால் வேரூன்றிற்று.

இந்நோயின் பெயருக்குப் பல இடங்களில் உண்டாகும் இறுக்கம் என்பது பொருள். நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை அமைந்துள்ளது. உறையற்ற மெல்லிய இழையில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் தூரமே செல்லும். உறையுள்ள தடித்த இழையிலோ 100 மீட்டர் வரையும் செல்லக்கூடும். உடலின் தற்காப்பு அமைப்பு இவ்வுறையையே பகையாகக் கருதித் தாக்கும்போது, செய்தி தாமதமாகிறது அல்லது இடையில் நின்றுவிடுகிறது. ஆதலால் இந்நோயில் முதன்மையாகக் குன்றுவது சிந்தனையின் விரைவே. கேட்டதை விரைந்து பதிய வைக்க இயலாமையே பல வேளைகளில் மறதியாகத் தோன்றுகிறது.

கேடு மயலினோடு நிற்பதில்லை. நரம்பிழைகளும் அறுபடுகின்றன, மூளையின் சாம்பல்நிறப் புறணியிலும் புண்கள் உண்டாகின்றன. இவை வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் எளிதில் தென்படுவதில்லை. புலன்களின் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் சந்திப்பு நிலையமான தாலமஸ் நோயின் தொடக்கத்திலேயே சுருங்கத் தொடங்குகிறது. வெண்பொருளில் தெரியும் புள்ளிகளின் எண்ணிக்கையைவிட இச்சுருக்கமே அறிவுத்திறக் குறைவோடு நெருங்கிய தொடர்புடையது. எனவே படத்தில் புள்ளிகள் சிலவே உள்ளன என்பதைக் கொண்டு நோயாளியின் முறையீட்டைத் தள்ளிவிடுதல் தகாது.

அமெரிக்காவில் ராவ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுடையோர் 100 பேரும் அவர்களுக்கு நிகரான நலமுடையோர் 100 பேரும் சோதிக்கப்பட்டனர். முதற்குழுவில் 48 பேரிடமும் மற்றதில் 5 பேரிடமும் அறிவுத்திறக் குறைவு காணப்பட்டது. உடலியலாமையின் அளவைக் கொண்டு இக்குறைவை ஊகிக்க இயலவில்லை.

ஆயின், நோயாளி தாமே உணர்வதும் சோதனை காட்டுவதும் ஒன்றா? இதனை ஆராய 2003இல் பெனடிக்ட் என்பவரும் பிறரும் 15 வினாக்கள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டனர். நோயாளி ஒரு படியையும், அவருடன் வாழ்பவர் மற்றொரு படியையும் நிரப்புவர். நோயாளியின் விடைகள் மனச்சோர்வோடு வலுவாக இணைந்திருந்தன. உடன் வாழ்பவரின் விடைகளே சோதனை முடிவுகளோடு மிகுதியும் ஒத்திருந்தன. மனச்சோர்வுடையவர் தம் குறையைப் பெரிதாகக் காண்பதுண்டு. குறை முற்றியவர் அதனை உணராமலே இருப்பதுமுண்டு.

இதனின்று நோயாளியின் சொல் பயனற்றது என முடிவு கட்டுவது பிழை. செயல்படும் மூளையைப் படமெடுத்த ஆய்வுகளில், தொடக்க நிலை நோயாளிகள் சிலர் அதே கணக்கை அதே அளவு சரியாகச் செய்ய, நலமுடையோரைவிட மூளையின் மிகுதியான பகுதிகளைப் பயன்படுத்தியது காணப்பட்டது. மதிப்பெண் குறையவில்லை, உழைப்பே கூடியது. அவ்வுழைப்பை அறிபவர் நோயாளி ஒருவரே. மேலும், மனச்சோர்வு இந்நோயில் மிகுதியாகக் காணப்படுவது, சிகிச்சைக்கு இணங்குவது. முறையீடு அதனைச் சுட்டுமாயினும் அது வீண் முறையீடன்று.

கள ஊழியர் செய்யத்தக்கது யாது? முறையீட்டை நாளிட்டுக் குறித்துக்கொண்டு, வீட்டாரைத் தனியே உசாவுதல் வேண்டும். தூக்கம், சோர்வு, மனநிலை ஆகியவற்றையும், உட்கொள்ளும் மருந்துகளையும் கேட்டறிதல் வேண்டும். தசை இறுக்கத்திற்கும் சிறுநீர்ப்பைக்கும் தரும் சில மருந்துகள் சிந்தனையை மந்தமாக்குவதுண்டு. பி12 உயிர்ச்சத்துக் குறைவும் தைராய்டுக் குறைவும் இல்லை என்பதை மருத்துவர் உறுதி செய்தல் நன்று. ஒன்பது குறிகளுக்கு உரிய எண்களை 90 நொடிகளில் வாயால் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கை வலிமை தேவையில்லை. ஆண்டுக்கொருமுறை அதனைச் செய்து பழைய எண்ணிக்கையோடு ஒப்பிடுதல் பயன் தரும். உடல் வெப்பம் ஏறும்போது இந்நோயின் குறிகள் தற்காலிகமாக மிகும்; ஆகவே கோடை நண்பகலில் இச்சோதனையை நடத்தலாகாது.

மேற்கூறிய ஆசிரியையைப் பொறுத்தவரை, வீட்டார் சொன்ன சோர்வும் உண்மையாகலாம். அவர் சொன்ன மறதியும் உண்மையாகலாம். கவனக்குறைவு என்னும் தீர்ப்பு மட்டும் சோதனைக்கு முன் எழுதத்தக்கதன்று. மதிப்பெண் பணியைக் காலைப்பொழுதில் இரைச்சலற்ற அறையில் ஒதுக்குவதும், ஆணைகளை வாய்மொழியாகவன்றி எழுத்தில் தருவதும் தலைமையாசிரியருக்கு எளியவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இந்நோய் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளது. பணிக்காலத்தில் இயலாமை அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் அக்காரணத்தால் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாதென அதன் 20ஆம் பிரிவு கூறுகிறது.