படம் உடையாத டிசைனருக்குத்தான் சம்பளம் கூடும்

ஜூனில் சாரல் விழுந்து குற்றால சீசன் தொடங்கிவிட்டால் லாட்ஜ், ஹோட்டல், மசாஜ் கடை என்று எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ஃப்ளெக்ஸ் வேண்டும். தென்காசியில் போட்டோஷாப் தெரிந்த பையன்களுக்குப் பஞ்சமில்லை. கஸ்டமர் வாட்ஸ்அப்பில் லோகோ அனுப்பியதுமே, “இது பத்தடிக்குத் தாங்காதுண்ணே” என்று காரணத்தோடு சொல்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். அந்த இடத்தைப் பிடியுங்கள்.

1. கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பிட்மேப் என்பது கட்டம் கட்டமான பிக்ஸல்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். அவ்வளவுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். பத்தடி என்பது 120 அங்குலம். 1,600 பிக்ஸல் அகலப் படத்தை அதில் இழுத்தால் அங்குலத்துக்கு 13 பிக்ஸல்தான் தேறும். 72 வேண்டுமென்றால் 8,640 பிக்ஸல் அகலம் தேவை. ரெசல்யூஷன் பெட்டியில் 300 என்று டைப் செய்துவிட்டால் இல்லாத விவரம் வந்துவிடாது.

2. “வெக்டார்னா என்ன?” என்று இன்டர்வியூவில் கேட்டால், “உடையாது சார்” என்பதோடு நிறுத்தாதீர்கள். கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எந்தப் புள்ளிகள் அதை வளைக்கின்றன என்பதைத்தான் ஃபைல் வைத்திருக்கிறது. 1960களில் ரெனோ கார் கம்பெனி இன்ஜினியர் பியர் பெசியே காரின் உடலை வடிவமைக்கக் கையாண்ட அதே வளைவுகள். ஸ்கிரீனும் பிரிண்டரும் கடைசியில் புள்ளிதான் வைக்கும். ஆனால் கேட்கிற சைஸுக்கு ஏற்றபடி அந்தப் புள்ளிகள் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. ஃப்ளெக்ஸ் மெஷினுக்கு முன்னால் ரிப் சாஃப்ட்வேர் செய்வது இதைத்தான். இவ்வளவு சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

3. எதற்கு எது? ஐந்தருவி போட்டோவுக்கு பிட்மேப். அதை வெக்டாராக ட்ரேஸ் செய்தால் ஃபைல் கனக்கும், அருவியும் அருவியாக இருக்காது. லோகோ, எழுத்து, வழி காட்டும் மேப்புக்கு வெக்டார். ஃபைல் பெயர் பிடிஎஃப் என்று முடிந்தால் வெக்டார்தான் என்று ஏமாறாதீர்கள். உள்ளே ஜேபிஜி ஒளிந்திருக்கலாம். 800 சதவீதம் ஜூம் செய்யுங்கள். ஓரம் படிக்கட்டாகத் தெரிந்தால் பிட்மேப்.

4. கோரல்டிராவில் தமிழ் எழுத்தைக் கன்ட்ரோல்-க்யூ அடித்து கர்வ் ஆக்கி அனுப்புங்கள். பிரிண்ட் போடும் இடத்தில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் எழுத்து கண்டபடி மாறிவிடும். கர்வ் ஆக்காத காப்பி ஒன்று கையில் இருக்கட்டும். போன் நம்பரை மாற்றச் சொல்லி காலையில் ஓனர் கூப்பிடுவார்.

பக்கத்து சீட்காரருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கலாம், சம்பள உயர்வு கைக்கு வந்த பிறகு.

ஃப்ளெக்ஸ் கடையோடு நிற்க விருப்பமில்லையா? பக்கத்திலேயே மத்தளம்பாறையில் ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ஐகான் என்றால் பெரும்பாலும் எஸ்விஜி. 2001இல் இணையத் தரமான வெக்டார் ஃபார்மட். நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். போர்ட்ஃபோலியோவில் நீங்களே வரைந்த ஐகான்களை வையுங்கள், குறைந்த நோடுகளோடு. பெரிய சைஸில் மட்டும் காட்டாதீர்கள். 16 பிக்ஸலில் மெல்லிய கோடு மங்கிப்போகும். அந்தச் சைஸுக்கென்று தனியாக, தடித்த கோட்டில் ஒன்று வரைந்து பக்கத்திலேயே வையுங்கள்.