இணையத்தில் ஒரு மதிப்பெண் ஏடு

இன்றைய உலகம் விஞ்ஞான உலகம். வங்கிக் கணக்கும் ரயில் முன்பதிவும் மின்கட்டண ரசீதும் கைப்பேசிக்குள் வந்துவிட்ட இக்காலத்தில், மாணவியரின் மதிப்பெண்கள் மட்டும் ஆசிரியையின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்குமா? அவையும் இணையத்தில் ஏறிவிட்டன. சென்ற ஜூன் மாதம் எங்கள் வகுப்பிலும் இணையவழி மதிப்பெண் ஏடு தொடங்கப்பட்டது. அது எவ்வாறு இயங்குகிறது, அதனால் விளையும் நன்மை என்ன, எங்கே கவனம் வேண்டும் என்று இந்த ஓராண்டில் நாங்கள் கற்றுக்கொண்டதைத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய ஏடும் புதிய ஏடும்

எங்கள் அன்னையர் படித்த நாளில் மதிப்பெண் பதிவேடு என்பது நீண்ட, தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். நீல மையில் எண்கள். 35-க்குக் கீழே போனால் சிவப்பு மையில் அடிக்கோடு. காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு என மூன்று முறை முன்னேற்ற அறிக்கை வீட்டுக்கு வரும். தந்தையார் கையொப்பம் இட்டுத் திருப்பி அனுப்புவார்.

புதிய ஏடும் அடிப்படையில் அதே அட்டவணைதான். இடப்புறம் மேலிருந்து கீழாக மாணவியர் பெயர். மேலே இடமிருந்து வலமாக வீட்டுப்பாடம், சிறுதேர்வு, செய்முறை, பருவத்தேர்வு. வேறுபாடு ஒன்றே: ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகையும் சராசரியும் தாமே மாறிவிடும். இவ்வசதியைத் தனியாள் கணினியில் முதன்முதலாகக் கொண்டு வந்தது 1979-இல் வெளியான 'விசிகால்க்' என்னும் கணக்குத்தாள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கிய 'மூடுல்' 2002-இலும், 'கூகுள் கிளாஸ்ரூம்' 2014-இலும் வந்தன. 2020-இல் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோதுதான் நம் நாட்டில் பல வீடுகளுக்கு இவை அறிமுகமாயின.

ஒரு பூஜ்யத்தின் கதை

ஆகஸ்டு மாதம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. அவ்வேளையில் ஐந்தாவது வீட்டுப்பாடம் தரப்பட்டது, கெடுவும் முடிந்தது. அனுப்பாதவர் அனைவருடைய கட்டத்திலும் பூஜ்யம் விழுந்தது. அவளுடைய கட்டத்திலும் விழுந்தது.

அவளுடைய தாயார் தையற்கூடத்தில் வேலை செய்பவர். மதிய உணவு வேளையில் கைப்பேசியைத் திறந்து பார்த்திருக்கிறார். சென்ற மாதம் 87.5 என்றிருந்த விழுக்காடு 70 என்று நிற்கிறது! மகள் உடல் தேறிப் பள்ளிக்கு வந்த முதல் நாளே, "இனி மாலையில் கூடைப்பந்து வேண்டாம், நேராக வீட்டுக்கு வா" என்று கட்டளையாயிற்று. மண்டலப் போட்டிக்குப் பத்தே நாள்கள் இருந்தன. அவளோ எங்கள் அணியின் தலைவி.

அவள் அழுதுகொண்டே கணித ஆசிரியையான சிஸ்டரிடம் சென்றாள். நாங்களும் உடன் சென்றோம். "நான் பூஜ்யம் வாங்கவில்லை, சிஸ்டர். நான் வரவேயில்லை" என்றாள்.

சிஸ்டர் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ சொல்வது சரிம்மா. தவறு இயந்திரத்துடையது அன்று, என்னுடையது. மொத்தமாகப் போட்ட பூஜ்யத்தை நான் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க வேண்டும்" என்றார். உடனே அந்தப் பூஜ்யத்தை நீக்கினார். 87.5 திரும்பி வந்தது. அதோடு நில்லாமல், அவளுடைய தாயாருக்குத் தம் கைப்படக் கடிதம் எழுதி அனுப்பினார். மறுநாள் அவள் மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

கணக்கு என்ன சொல்கிறது?

அன்றைய கணித வகுப்பில் சிஸ்டர் இதையே பாடமாக்கினார். வீட்டுப்பாடம் ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். தோழி பெற்றவை 18, 16, 17, 19. கூட்டுத்தொகை 70. ஐந்தாம் கட்டம் வெறுமையாக இருந்தால் 80-க்கு 70, அதாவது 87.5 விழுக்காடு. அதே கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் 100-க்கு 70, அதாவது 70 விழுக்காடு. அவள் அறிவு ஓர் அணுவும் குறையவில்லை; விழுக்காடு மட்டும் பதினேழரை குறைந்தது.

பூஜ்யம் என்பது ஓர் எண். வெற்றுக் கட்டம் என்பது 'இன்னும் தெரியாது' என்னும் செய்தி. இரண்டும் ஒன்றல்ல. மூடுல் ஏட்டில் வெற்றுக் கட்டங்களைச் சராசரியில் சேர்க்காமல் விட ஓர் அமைப்பே உண்டு. எனினும் வேண்டுமென்றே வேலையைச் செய்யாதவளுக்கும் வெற்றுக் கட்டம் என்றால் அதுவும் நியாயமாகாது. ஆகவே எது பூஜ்யம், எது வெறுமை, எது விலக்கு என்பதை ஆசிரியைதான் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். இயந்திரத்துக்குக் காய்ச்சலும் தெரியாது, சோம்பலும் தெரியாது.

அடுத்தது எடைமதிப்பு. ஒரு மாணவி வீட்டுப்பாடத்தில் 90, சிறுதேர்வில் 70, பருவத்தேர்வில் 60 பெறுகிறாள் என்று கொள்வோம். மூன்றையும் சமமாகக் கொண்டால் சராசரி 73.3. வீட்டுப்பாடத்துக்கு 20, சிறுதேர்வுக்கு 30, பருவத்தேர்வுக்கு 50 விழுக்காடு எடை தந்தால், 18 + 21 + 30 = 69. விடைத்தாள்கள் அவையே, மாணவியும் அவளே, முடிவோ இரண்டு! கூகுள் கிளாஸ்ரூமில் மொத்த மதிப்பெண் முறை, வகைவாரி எடை முறை, மொத்தமே காட்டாத முறை என மூன்றும் உள்ளன. எனவே எந்த முறை என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே மாணவியர்க்கும் பெற்றோர்க்கும் சொல்லிவிடுதல் நலம்.

தசமப் புள்ளியிலும் கவனம் வேண்டும். தசமம் காட்டாதபடி ஏட்டை அமைத்தால் 34.6 என்பது திரையில் 35 என்று தோன்றலாம். உள்ளே அது 34.6 ஆகவே இருக்கும். தேர்ச்சிக் கோட்டருகே நிற்கும் மாணவிக்கு இந்த வேறுபாடு பெரிது.

நாங்களும் திருத்திப் பார்த்தோம்

மதிப்பெண் குறைந்தால் ஆசிரியையைக் குறை சொல்வது எங்களில் பலருக்கு வழக்கம். அதை அறிந்த தமிழாசிரியை எங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையைப் பெயரை மறைத்துப் படியெடுத்துத் தந்து, 20-க்கு மதிப்பெண் இடச் சொன்னார். நாங்கள் இட்டவை 11, 12, 14, 16, 17! ஒரு குழு கையெழுத்துக்காகக் குறைத்திருந்தது. ஒரு குழு நல்ல தொடக்கத்துக்காக அள்ளிக் கொடுத்திருந்தது. எங்கள் குழு எழுத்துப்பிழைகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தது.

பிறகு மதிப்பீட்டு அட்டவணை ஒன்றை ஆசிரியை ஏட்டில் சேர்த்தார்: கருத்துக்கு 8, ஒழுங்குக்கு 5, மொழிநடைக்கு 5, கையெழுத்துக்கு 2. அதே கட்டுரையை மீண்டும் திருத்தினோம். இம்முறை 13, 13, 14, 14, 15 வந்தன. முற்றிலும் ஒன்றாகவில்லை, ஆனால் நெருங்கிவிட்டன. இப்போது அம்மாணவிக்கு '14' என்ற எண்ணோடு, ஒழுங்கில்தான் தான் குறைந்தோம் என்பதும் தெரியும். அடுத்த கட்டுரையில் அதைத் திருத்திக்கொள்வாள் அல்லவா?

இன்னொன்றும் அறிந்தோம். கூகுள் கிளாஸ்ரூமில் இடும் மதிப்பெண் முதலில் வரைவாகவே நிற்கும். ஆசிரியை திருப்பி அனுப்பிய பிறகே மாணவி காண முடியும். அனுப்புமுன் ஒருமுறை நிதானமாகப் பார்க்க அது நல்ல வாய்ப்பு.

ஏடே சாட்சியான ஆண்டுகள்

அன்றாடப் பதிவு இவ்வளவு முக்கியமா என்று சிலர் கேட்கக்கூடும். 2020-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும், வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் கொண்டு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் நடைபெறவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 விழுக்காடு என்று கொள்ளப்பட்டது. 'அரையாண்டுதானே, பொதுத்தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்த அக்காமார்கள் எவ்வளவு வருந்தியிருப்பார்கள்! பொதுத்தேர்வை எதிர்நோக்கும் நாங்கள் இதை மனத்தில் பதித்துக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் இடப்படும் எண் ஒருநாள் நமக்காகப் பேச வேண்டியிருக்கலாம். ஆகவே அது உண்மையாகவும் இருக்க வேண்டும். சரியாகவும் இருக்க வேண்டும்.

காக்க வேண்டியவை

மதிப்பெண் என்பது ஒருவருடைய சொந்தச் செய்தி. 2023-இல் இயற்றப்பட்ட இந்திய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தைகளின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதைப் பொதுவிதியாக வைக்கிறது. ஆனால் நாமோ கடவுச்சொல்லைத் தோழியின் காதில் சொல்லிவிடுகிறோம்! திரையைப் படமெடுத்து உறவினர் குழுவில் அனுப்பி, 'பெரியப்பா மகள் எவ்வளவு?' என்று ஒப்பிடுகிறோம். 2017-இல் தமிழக அரசு பொதுத்தேர்வுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையே நிறுத்திவிட்டது. அரசு நிறுத்தியதை நம் வீட்டுக் கைப்பேசி மீண்டும் தொடங்கலாமா?

வீட்டுக்கு ஒரே கைப்பேசி உள்ள தோழியரும் எங்கள் வகுப்பில் உண்டு. அது தந்தையாருடன் வேலைக்குச் சென்றுவிடும். அவர்களுக்காக மாதம் ஒருமுறை ஏட்டைத் தாளில் அச்சிட்டுத் தருமாறு கேட்டுக்கொண்டோம். தலைமையாசிரியை அன்புடன் இசைந்தார்.

முடிவுரை

கத்தி பழமும் நறுக்கும், கையையும் நறுக்கும். இணையவழி ஏடும் அப்படித்தான். தோழியரே, உங்கள் கட்டங்களை வாரம் ஒருமுறை பாருங்கள். நாளுக்குப் பத்து முறை வேண்டாம். தவறு தென்பட்டால் பணிவோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். எங்கள் தோழி கேட்டதால்தான் பூஜ்யம் நீங்கியது. அதே நாளில் நோயால் வராத இன்னும் இரு மாணவியரின் கட்டங்களும் திருத்தப்பட்டன. பெற்றோரே, எண்ணைக் கண்டதும் மகளைக் கடியுமுன் ஒரு வார்த்தை அவளிடம் கேளுங்கள். மதிப்புக்குரிய ஆசிரியப் பெருமக்களே, எண்ணோடு ஒரு வரி எழுதுங்கள்; அந்த ஒரு வரிக்காகவே நாங்கள் ஏட்டைத் திறக்கிறோம்.

மண்டலப் போட்டியில் நம் அணி இரண்டாம் இடம் பெற்றதை அனைவரும் அறிவீர்கள். அக்கோப்பை தலைமையாசிரியை அறையில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் நாங்கள் அந்த வெற்றுக் கட்டத்தையும் நினைத்துக்கொள்கிறோம்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி