வாய் திறந்தால் வழி பிறக்கும்

கெடாவின் பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பல குடும்பங்கள் இன்று நகர அடுக்குமாடிகளில் வசிக்கின்றன. இடம் மாறினாலும் ஒரு பழக்கம் மாறவில்லை. பதின்ம வயதுப் பெண்ணுக்குத் தொல்லை நேர்ந்தால், “வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும்” என்று மூடிமறைப்போர் இன்னும் உள்ளனர்.

சட்டம் வேறுவிதமாகச் சொல்கிறது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் பாதுகாக்கிறது. தகாத தொடுதல் மட்டுமன்றி, கைப்பேசிவழி ஆசைகாட்டி வலைவிரிப்பதும் குற்றமே. குற்றத்தை அறிந்தும் காவல் துறையிடம் தெரிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

தற்காப்புப் பயிற்சியும் துணைநிற்கும். பிடியை விடுவித்து, உரக்கக் கூவித் தப்பித்தலே அதன் முதல் நோக்கம். பிறகு, நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ ‘தாலியான் காசே’ 15999 எண்ணிலோ உடனே தெரிவிக்க வேண்டும். தலைகுனிய வேண்டியவர் தவறு செய்தவரே.